ஜன்னலை மறைத்த நந்தியாவட்டை

கண்டக்டரம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். தெருவில்தான் யாரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. காய்கறி வண்டிக்காரர் முதல் கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவர் வரை எல்லாருக்கும் அவள் இன்னும் கண்டக்டரம்மாதான். அவள் வீட்டுக்காரர் டிரைவர். ஒரே டிப்போ, பல வருஷம் ஒரே வண்டி. அந்த வண்டியிலேயே சண்டை போட்டு, அந்த வண்டியிலேயே சமாதானமாகி, கடைசியில் கல்யாணமும் அந்த வண்டியிலேயே பேசி முடித்துக்கொண்டார்கள். "எல்லா வீட்டுலயும் புருஷன் முன்னாடி, பொண்டாட்டி பின்னாடி. எங்க வீட்டுலயும் அப்படித்தான். ஆனா விசில் என் வாயில இருக்கு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ. வீட்டில் ஒரு சொல் கேட்காத மனிதர் வண்டியில் அவள் விசிலுக்குக் கட்டுப்பட்டார். எப்போதாவதுதான் மீறுவார். அவருக்குக் கழுகுக் கண். எங்கோ சந்து முனையில் ஒரு அம்மா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்துவிடும். இவள் இரண்டு விசில் கொடுத்தும் வண்டி அசையாது. "என்ன, போகலாமா வேண்டாமா?" என்று பின்னாலிருந்து கத்துவாள். "உன் கண்ணுக்குத் தெரியாது. டிக்கெட் வருது" என்பார் திரும்பாமலே. டிக்கெட் மூச்சிரைக்க வந்து ஏறும். இவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சில்லறை கொடுப்பாள்.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் பக்கவாதம் அடித்துப் போட்டது. வலது கை போச்சு, வலது கால் போச்சு, பேச்சில் முக்கால்வாசி போச்சு. மிச்சமிருந்தது இடது கையும், அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு சொல்லும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றே அவள் பெட்டியைக் குடைந்து தன் பழைய விசிலை எடுத்தாள். கயிறு கட்டி அவர் கழுத்தில் மாட்டினாள். "ஒரு விசில்னா, நான் கையில இருக்கிறதை நிறுத்திட்டு ஓடி வரணும். ரெண்டு விசில்னா, சரி, நீ போகலாம். புரியுதா டிரைவர் சார்?" என்றாள். அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது.

ஆரம்பத்தில் நன்றாக ஊதினார். தண்ணீர் வேண்டும், ஃபேன் வேண்டாம், முதுகு அரிக்கிறது. இவள் அடுப்புக்கும் கட்டிலுக்கும் ஓடி ஓடிக் கால் தேய்ந்தாள். "நாய்க்கு வேலை இல்லை, நிற்க நேரமில்லைன்னு சொல்லுவாங்களே, அது நான்தான்" என்று பக்கத்து வீட்டு மீசைக்காரரிடம் அலுத்துக்கொண்டாள். மீசைக்காரர் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். மீசை அளவுக்குப் பேச்சு வராது. "ஆமாக்கா" என்பதோடு சரி.

பிறகு விசில் குறைந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நின்றே போனது. ஓட வேண்டாம் என்று உடம்பு சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மனசுதான் அடித்துக்கொண்டது. ஊட்டினால் வாங்கிக்கொள்கிறார், ஊட்டாவிட்டால் கேட்பதில்லை. எப்போது பார்த்தாலும் சுவர்ப் பக்கம் முகம். டிப்போ ஆட்கள் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். அவர்கள் போகிற வரைக்கும் திறக்கவில்லை. பாவம், அசதி போல என்று இவள் அவர்களுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பினாள். இரண்டாம் முறையும் அதே கதை. அப்புறம் அவர்களும் வரவில்லை.

அவள் உடம்பு என்ன இரும்பா? படுத்த இடத்தில் புண் வராமல் இருக்க அவரை அடிக்கடி புரட்டிப் போட வேண்டும். ஆள் நல்ல கனம். அதற்கொரு வழியை ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஆளைத் தூக்கவே கூடாது. ஒரு துப்பட்டியைப் பாதி வரை சுருட்டி முதுகோரம் செருக வேண்டும். ஆளை அந்தச் சுருட்டலின் மேலே உருட்டி மறுபக்கம் சாய்க்க வேண்டும். இந்தப் பக்கம் வந்து சுருட்டியதை இழுத்து விரித்தால் முழுத் துப்பட்டியும் ஆளுக்கு அடியில். பிறகு துணியைப் பிடித்து இழுத்தால் ஆள் கூடவே வருவார். ஒண்டி ஆளாக அவள் அதில் தேறிவிட்டாள். அதைச் செய்து முடித்து ஒவ்வொரு முறையும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பாள். அழுகை வராது. அழக்கூடத் தெம்பு வேண்டுமே.

கை கால் பயிற்சி சொல்லிக் கொடுக்க ஒரு பெண் வந்துபோவாள். அவள்தான் ஒருநாள் கேட்டாள்: "ஏம்மா, பட்டப்பகல்ல லைட் போட்டு வச்சிருக்கீங்க? ஜன்னலைத் திறந்து வெளிச்சம் விடுங்க. சுவரையே பார்த்துட்டுக் கிடந்தா யாருக்குத்தான் எழுந்திருக்கத் தோணும்?"

ஜன்னல் திறந்துதான் இருந்தது. அடைத்துக்கொண்டிருந்தது நந்தியாவட்டை.

வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் குறுகலாக ஒரு முற்றம். சுவரோரம் நெடுக ஒரு பூப்பாத்தி, கேட்டுப் பக்கம் குழாயடி வரைக்கும். அந்தப் பாத்தியில், ஜன்னலுக்கு நேர் எதிரே, வீடு வாங்கிய வருஷம் டிரைவர் தன் கையால் வைத்த செடி அது. வந்தபோது ஒரு முழம் இருந்தது. இப்போது ஆள் உயரத்தைத் தாண்டி, குடை விரித்த மாதிரி பரந்து, முற்றத்தைத் தாண்டி ஜன்னல் கம்பியையே உரசியது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதையாக, அறைக்குள் வெளிச்சத்துக்கு இடமில்லை. செடிக்குப் பின்னால் குட்டையான காம்பவுண்டுச் சுவர், அதற்குப் பின்னால் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப். ஜன்னலோரக் கட்டிலில் படுத்தால் இதில் எதுவும் தெரியாது.

மகன் வெளியூரில் இருந்து வந்தான். எதையும் பட்டென்று முடிக்கிற பிள்ளை. "இதுக்கு ஏம்மா இவ்வளவு யோசனை? அடியோட அறுத்துடலாம்" என்று ரம்பத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான். கிளையில் ரம்பம் பட்டதுதான் தாமதம், உள்ளேயிருந்து விசில் வந்தது. நீளமாக ஒரே விசில்.

இவள் அடுப்படியில் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள். எத்தனை நாள் கழித்துக் கேட்கிற சத்தம் அது. டிரைவர் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாம்" என்றார். அந்தச் சொல் முழுசாக வந்தது.

"வெட்ட வேண்டாமா?"

"வேணாம்."

தன் கையால் வைத்த செடி, மனிதருக்கு அதன் மேல் எவ்வளவு பாசம் பார் என்று நினைத்தாள். அப்படி நினைத்தது தப்பு. ஆனால் அது அவளுக்குத் தெரிய நாளாயிற்று. "ரம்பத்தை உள்ள வைடா. நான் பார்த்துக்கறேன். அறுக்க வேண்டாம், பேர்த்து குழாயடிப் பக்கம் வச்சுக்கலாம்" என்றாள் மகனிடம்.

"உனக்கு இருக்கிற வேலை பத்தாதாம்மா?"

பத்தாதுதான் போலிருக்கிறது. என்ன செய்ய?

நாற்றுப் பண்ணைக்காரரிடம் போய்க் கேட்டாள். வளர்ந்த செடியைச் சட்டென்று பிடுங்கினால் செத்துவிடும் என்றார் அவர். முதலில் செடியைச் சுற்றிப் பாதி வட்டத்துக்கு மட்டும் பள்ளம் எடுத்து வேரை வெட்டி, மக்கிய எரு போட்டு மூடிவிட வேண்டும். அந்தப் பக்கம் புது வேர் விட்ட பிறகு மறு பாதி. மழைக்காலம் பிடித்த பிறகுதான் தூக்க வேண்டும். "எந்தப் பக்கம் எந்தத் திசை பார்த்து நின்னுச்சோ, நட்டபிறகும் அப்படியே நிக்கணும். ஒரு துணியைக் கட்டி அடையாளம் வச்சுக்குங்க" என்றார்.

டிரைவரைப் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டி, துணி அலசிப் போட்டுவிட்டு, மிச்ச நேரத்தில் அவள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக முற்றத்தில் இறங்கினாள். ஜன்னலைப் பார்த்த கிளையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினாள். பள்ளம் எடுக்க எடுக்க வேர் குறுக்கே வந்தது. ஒவ்வொரு வேரையும் அறுக்கும்போது பால் கசிந்து கையெல்லாம் பிசுபிசுத்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய மனம் வரவில்லை. தெருவில் போனவர்கள், "கண்டக்டரம்மா, புதையலா?" என்று கேட்டார்கள். "ஆமா, பாதி உங்களுக்கு. கொஞ்சம் தோண்டிட்டுப் போங்க" என்றாள். ஒருத்தரும் நிற்கவில்லை.

பாதி வட்டம் முடிந்தது. காத்திருந்தாள். மறு பாதியும் முடிந்தது. மறுபடி காத்திருந்தாள். மழை பிடித்தது. பூ விடத் தயாராக இருந்த மொட்டையெல்லாம் கிள்ளி எறிந்தாள், கிளையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தாள். இத்தனைக்கும் அவர் உள்ளே சுவரைப் பார்த்தபடியேதான் கிடந்தார். "உங்க செடிக்காகத்தான் சாகறேன்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

தூக்குகிற நாளில் மீசைக்காரர் வந்தார். செடியின் அடிமண் உருண்டையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரால ஆகாதுக்கா. கிரேன்தான் வேணும்" என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

"தூக்கினாத்தானே தம்பி. தூக்கவே போறதில்ல" என்றாள். கோணிகளைச் சேர்த்துத் தைத்து வைத்திருந்தாள். அதைப் பாதி வரை சுருட்டிப் பள்ளத்தில் மண் உருண்டைக்கு அடியில் செருகினாள். செடியைச் சுருட்டல் மேலாக அந்தப் பக்கம் சாய்க்கச் சொன்னாள். இந்தப் பக்கம் வந்து சுருட்டியதை இழுத்து விரித்தாள். முழுக் கோணியும் செடிக்கு அடியில் வந்துவிட்டது. மீசைக்காரர் வாயைப் பிளந்து பார்த்தார். "தினமும் இதே வேலைதான் தம்பி. அவரு இதைவிடக் கனம்" என்றாள் அவள். சிரிக்கத்தான் நினைத்தாள், குரல் வேறு மாதிரி வந்தது. இரண்டு பேரும் கோணியைப் பிடித்துப் பாத்தி ஓரமாகவே குழாயடி வரை இழுத்தார்கள். அங்கே குழி தயாராக இருந்தது. சிவப்புத் துணி ஜன்னலைப் பார்க்கிற மாதிரி திருப்பி நட்டு, மண்ணை மிதித்து, தண்ணீர் விட்டு, சருகு போட்டு மூடினாள்.

அறைக்குள் போனபோது அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. தரையில் வெயில் கிடந்தது. அலமாரி இவ்வளவு தூசியாகவா இருந்தது என்று வெட்கப்பட்டாள். கை கழுவிவிட்டு வந்து, துப்பட்டியைச் சுருட்டி, அவரை ஜன்னல் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தாள். "பாருங்க. உங்க ஸ்டாப்பு. உங்க ரோடு. செடியும் பத்திரமா அங்க நிக்குது."

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து நின்றது. அதை ஓட்டி வந்தவன் அவரிடம் வேலை பழகிய பையன். எதேச்சையாகத் திரும்பினான். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்துவிட்டான். ஹாரனை அடித்துக் கையை ஆட்டினான். ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாரும் யாருக்கு ஆட்டுகிறான் என்று ஜன்னலைப் பார்த்தார்கள்.

டிரைவர் இடது கையால் போர்வையைப் பிடித்து இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். போர்வைக்குள்ளிருந்து, "பாக்கு...றாங்க" என்றார்.

அவ்வளவுதான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. டிப்போ ஆட்கள் வந்தபோது மூடிய கண், சுவர்ப் பக்கம் திரும்பிய முகம், ரம்பம் பட்டதும் வந்த விசில், எல்லாம் ஒரே நேரத்தில் அவளுக்கு விளங்கிப்போயிற்று. செடி மேல் பாசமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஊர் கண்ணுக்குப் படாமல் கிடக்க அவருக்கு அது ஒரு மறைப்பு. அதைத்தான் இவள் இடுப்பொடியப் பேர்த்து எடுத்துவிட்டு, பெருமையாக வந்து நிற்கிறாள்.

"அப்பவே ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். சத்தம் போடவில்லை. அதற்கும் தெம்பு இல்லை. "வேணாம்னு சொல்லத் தெரிஞ்சுச்சே, பாக்குறாங்கன்னு சொல்லத் தெரியலையா? ஒளிஞ்சுக்க உங்களுக்கு ஒரு செடியாவது இருந்துச்சு. எனக்கு என்ன இருக்கு? நான் எங்க போய் ஒளிஞ்சுக்கறது?"

அவள் பழைய போர்வை ஒன்றைக் கயிற்றில் கோத்து ஜன்னலுக்குத் திரையாகக் கட்டினாள். அறை பழையபடி இருட்டாயிற்று. லைட்டைப் போட்டாள்.

செடியைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. இன்னொரு முறை பேர்த்தால் தாங்காது. இருந்த இடத்திலேயே தாங்குமா என்பதும் சந்தேகமாகிவிட்டது. இலையெல்லாம் தொங்கியது, பழுத்தது, கொட்டியது. பெருக்கி அள்ளினாள், மறுநாளும் கொட்டியது. அவள் தண்ணீர் விடுவதை மட்டும் விடவில்லை. விழலுக்கு இறைக்கிற நீர் என்று தெரிந்தும் விட்டாள், பழக்கதோஷம். இலை மொத்தமும் போய்க் குச்சி குச்சியாக நின்றபோது, அதைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு குழாயைத் திறப்பாள், மூடுவாள், போய்விடுவாள்.

ஒரு விஷயம் அவள் கண்ணில் பட்டது. குழாயடியில் நிற்கும்போது ஜன்னல் திரையின் ஓரம் விரலளவு விலகும். இவள் நிமிர்ந்தால் விழுந்துவிடும். காற்று என்றுதான் முதலில் நினைத்தாள். காற்றே இல்லாத நாளிலும் விலகியது. என்ன பார்க்கிறார் என்று கேட்கவில்லை. கேட்டுத்தான் என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள். அவள் அவரோடு பேசுவதே குறைந்துவிட்டிருந்தது. துடைப்பாள், ஊட்டுவாள், புரட்டுவாள். எல்லாம் கை செய்தது.

ஒருநாள் காலையில் கிளையின் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே பழுப்பு. இன்னொரு கிளை, அதுவும் பழுப்பு. சரி, போதும் என்று தோன்றியது. உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்து வந்தாள். செத்ததற்கு எதற்குத் தண்ணீர்? பிடுங்கிப் போட்டுவிட்டால் ஒரு வேலையாவது குறையும். ஸ்டாப்பில் காலை நேரக் கூட்டம் நின்றது. அவள் கேட்டுப் பக்கமாக நின்று, கடப்பாரையைத் தூரில் வைத்து, ஓங்கி இறக்கக் கையைத் தூக்கினாள்.

விசில் அடித்தது. ஒரே விசில், நீளமாக.

கை அந்தரத்திலேயே நின்றது. எத்தனை வருஷத்துப் பழக்கம், மூளைக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் விசில் கேட்டால் சும்மா இருக்குமா? மொத்தமும் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பியது. பஸ் இல்லை. ஜன்னல்தான் இருந்தது. அதில் திரை இல்லை. டிரைவர் இடது கையால் திரையை இழுத்த வேகத்தில் கயிறே அறுந்து தொங்கியது. கோணிய வாயில் விசிலோடு, ஒரு பக்கம் சரிந்த முகத்தோடு, வாரப்படாத தலையோடு, அத்தனை பேர் கண்ணுக்கும் முன்னால் அவர் கிடந்தார். போர்வையைத் தேடவில்லை. விரலை நீட்டிச் செடியைக் காட்டினார்.

"என்ன?" என்றாள் இவள்.

விரல் இன்னும் ஆடியது. அந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்றது.

அவள் செடியைச் சுற்றி ஜன்னலைப் பார்த்த பக்கம் வந்தாள். இலை கொட்டி முடிந்த பிறகு அந்தப் பக்கம் அவள் வந்ததே இல்லை. சிவப்புத் துணி வெளுத்துப் போயிருந்தது. அதற்குக் கீழே, தூரோரமாக, பழுப்புப் பட்டையைப் பிளந்துகொண்டு துளிர்கள். இன்று நேற்று வந்தவை இல்லை. விரல் நீளம் வளர்ந்து, இலை விரித்து, பளபளவென்று நின்றன. இத்தனை நாளும் திரை ஓரம் விலகியதெல்லாம் இதைப் பார்க்கத்தான்.

கடப்பாரையை ஊன்றிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். கம்பியைப் பிடித்தாள். அவர் விசிலைத் துப்பிவிட்டு, மூச்சு வாங்க, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிச் சொன்னார்.

"டி...க்கெட்... வருது."

"வரட்டும். வண்டி நிக்கும்" என்றாள் கண்டக்டரம்மா. அதற்கு மேல் நிற்க அவளால் முடியவில்லை. ஜன்னலுக்குக் கீழேயே, ஈர மண்ணில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். கம்பி வழியாக அவர் கை இறங்கி அவள் தலையில் பட்டது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஸ்டாப்பில் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். அவர் கையை எடுக்கவில்லை.